துப்பாக்கி லைசென்ஸும் வீட்டுக்குள் விழும் அடியும்

துப்பாக்கி லைசென்ஸுக்கான விண்ணப்பப் படிவத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பி.காம். முடித்துவிட்டு வங்கி வேலைக்காக மும்பை வந்து சேர்ந்த எனக்கும் அதைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஆனால் கிளை வாசலில் ஸ்டூல் போட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பாரே ஒரு காவலர், அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கிற காகிதங்கள் அதிகாரிகள் மேஜைக்கு வரும். வட்டி கணக்குக்கு நடுவே அதையும் படிப்போம்.

அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் தண்டனை பெற்றதுண்டா? இன்னொன்று: அமைதியைக் காப்பேன் என்றோ நன்னடத்தைக்கோ கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா? பெண்டாட்டியை அடிக்கிறவன் இந்த இரண்டுக்கும் "இல்லை, இல்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். அதில் ஒரு பொய்யும் இருக்காது. இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பழைய கதையைக் கிளறினேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டப் பிரிவுகளையும் சர்க்குலர்களையும் படிப்பது எங்கள் தொழில்.

1878ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தச் சட்டத்தின் கவலை ஒன்றே ஒன்றுதான். 1857 மாதிரி இன்னொன்று வரக்கூடாது. இந்தியன் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது, வெள்ளைக்காரனுக்கு விலக்கு உண்டு. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதெல்லாம் ராஜ விசுவாசத்தைப் பொறுத்தது. வீட்டுக்குள் அவன் யாரை அடிக்கிறான் என்பது சர்க்காருக்குப் பொருட்டே இல்லை. காங்கிரஸுக்கு இந்தச் சட்டத்தின் மேல் தீராத கோபம். 1931ல் கராச்சி மாநாட்டில் அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானம் போட்டபோது, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தார்கள். இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அந்தத் தீர்மானத்தின் வால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எட்டிப் பார்த்தது. எச்.வி.காமத், ஆயுதம் வைத்திருப்பதையும் அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் திருடனும் பிக்பாக்கெட்டும் பழக்கப்பட்ட குற்றவாளியும் அதே உரிமையைக் கேட்டு வந்து நிற்பார்களே என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. (அவர் கட்டிய ராஜகிருஹம் வீடு தாதர் இந்து காலனியில், மாதுங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. மாதுங்காவில் காபிப்பொடி வாங்க வருகிறவர்கள் அப்படியே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.) ஆக, இந்தியாவில் துப்பாக்கி என்பது உரிமை இல்லை, அனுமதி. அனுமதி என்றால் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று ஒரு பட்டியல் வேண்டும் இல்லையா? அந்தப் பட்டியல் 1959ல் வந்தது.

1959 என்றதும் பம்பாய்க்காரர்களுக்கு வேறொரு துப்பாக்கிதான் ஞாபகம் வரும். நானாவதி வழக்கு. ஏப்ரல் 27ஆம் தேதி கடற்படை அதிகாரி நானாவதியிடம் அவர் மனைவி, தனக்கு அஹுஜாவோடு உறவு இருப்பதைச் சொல்கிறார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டுவிட்டு நேராகத் தன் கப்பலுக்குப் போனார். இரவில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அகமதுநகர் போகிறேன், பாதுகாப்புக்கு வேண்டும் என்று சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கினார். அதை ஒரு பழுப்புக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அஹுஜாவின் ஃப்ளாட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரி 8க்கு 1 என்று விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1961ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 1964ல் மன்னிப்பு கிடைத்தது. ஊரே அவர் பக்கம் நின்றது. தெருவில் நானாவதி ரிவால்வர் என்று பொம்மைத் துப்பாக்கி விற்றார்களாம்!

சுடப்பட்டது மனைவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதில் என் கண்ணில் படுவது அந்த ஸ்டோர் ரூம்தான். குடும்பத்தில் புயல் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு, கேட்ட மாத்திரத்தில் அரசாங்கத்தின் துப்பாக்கி கிடைத்தது. காரணம் சொன்னார், கொடுத்தார்கள். எங்கள் வங்கியில் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்க இதைவிட அதிகம் கேட்போம்.

அதே வருடம் டிசம்பரில் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவில்தான் பட்டியல். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருடம் வரை ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பத்திரம் முடியும்வரை கிடையாது. இதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, எங்களைப் போன்ற கடன் ஆபீசர்களுக்குச் சிரிப்பு வரும்: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாதாம்.

45ஆம் பிரிவையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர் கடமையின் பேரில் வைத்திருக்கும் ஆயுதத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. போலீஸ், ராணுவம் எல்லாம் இந்தப் பட்டியலுக்கு வெளியே. வேறு துறை விதிகள் இருக்கலாம், ஆனால் 9ஆம் பிரிவு அவர்களின் சர்வீஸ் துப்பாக்கியைத் தொடாது.

அடுத்து 1983. ஒரே வருடத்தில் நாடாளுமன்றம் இரண்டு வேலைகள் செய்தது. முதலில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை குறைந்தது ஆறு மாதத் தண்டனை இருந்தால்தான் 9ஆம் பிரிவு பாயும். அதை எடுத்துவிட்டு, எவ்வளவு சின்னச் சிறைத் தண்டனையாக இருந்தாலும் தடை என்று ஆக்கினார்கள். அப்புறம் வருடக் கடைசியில், வரதட்சிணைச் சாவுகளுக்கு எதிராக நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கியதன் பலனாக, தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்ந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்று வருடம் வரை சிறை. (2024 ஜூலையிலிருந்து புதிய பாரதீய நியாய சன்ஹிதாவில் அது 85, 86ஆம் பிரிவுகள்.)

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு நேராகிவிடும். மனைவியை அடித்துத் துன்புறுத்தி 498ஏயில் சிறைத் தண்டனை வாங்கியவனுக்குத் துப்பாக்கி கிடையாது. அமெரிக்காவுக்கு 13 வருடம் முன்னாலேயே நாம் செய்துவிட்டோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் 498ஏ வழக்கு முடிய எத்தனை வருடம், எத்தனை வழக்கு ராஜியாகிப் போகிறது, எத்தனை விடுதலையில் முடிகிறது என்பது உங்களுக்கும் தெரியும். தண்டனை என்ற அந்த ஒற்றைச் சொல்லில் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் 1995க்குப் போக வேண்டும்.

தந்தூர் கொலை என்றால் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். ஜூலை 2, டெல்லி. இளைஞர் காங்கிரஸ் பிரமுகர் சுஷில் சர்மா தன் மனைவி நைனா சாஹ்னியை வீட்டில் சுட்டார். உடலை ஒரு ஓட்டல் தந்தூர் அடுப்புக்குக் கொண்டுபோனார். தீயைப் பார்த்து முதலில் கூச்சல் போட்டவர் நடைபாதையில் காய்கறி விற்கும் ஒரு பெண்மணி, ஓடிவந்தவர் ரோந்தில் இருந்த ஒரு கான்ஸ்டபிள். அவர்கள் இல்லையென்றால் வழக்கே இல்லை. சர்மா ஊர் ஊராக ஓடி, சென்னையில் ஒரு கோர்ட்டில் முன்ஜாமீனும் வாங்கினார். அன்றைய தமிழ்ப் பேப்பர்களில் பக்கம் பக்கமாக வந்தது. கடைசியில் பெங்களூரில் பிடிபட்டார்.

தந்தூர், தந்தூர் என்றே எல்லோரும் பேசியதில் துப்பாக்கி மறைந்துபோனது. முதல் பிரேதப் பரிசோதனையில்கூடத் தோட்டா தெரியவில்லை. தீக்காயம் என்றார்கள். இரண்டாவது பரிசோதனையில் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் இரண்டு தோட்டாக்கள் கிடைத்தன. அந்த பாயிண்ட் 32 ரிவால்வர் கள்ளத் துப்பாக்கி இல்லை. லைசென்ஸ் உள்ளது. அரசாங்கம் விசாரித்து, முத்திரை குத்திக் கொடுத்தது.

மனைவி மேல் அவருக்கு ஓயாத சந்தேகம், அடிப்பதும் உண்டு என்று சாட்சியம் வந்தது. ஆனால் பழைய தண்டனை? கிடையாது. 2013ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது எடுத்துச் சொன்ன காரணங்களில் ஒன்றே, இவருக்கு முன்பு குற்றப் பின்னணி இல்லை என்பதுதான். சட்டக் கண்ணோட்டத்தில் அது சரி. அதே சமயம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் விழுந்த அடி எதுவும் பின்னணியாகப் பதிவாகவில்லை. 9ஆம் பிரிவை எத்தனை கறாராக அமல்படுத்தியிருந்தாலும் அந்த ரிவால்வரை யாரும் வாங்கியிருக்க முடியாது.

அமெரிக்கா இதை ஓரளவு யோசித்தது. 1994ல், நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுக்கு ஆளானவர் அந்த உத்தரவு இருக்கும்வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். 1996ல் செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கொண்டுவந்த திருத்தம், சில்லறைக் குற்றமாகப் பதிவான குடும்ப அடிதடிக்கும் தடை போட்டது. ஏனென்றால் வீட்டில் நடக்கும் அடியைப் பெரும்பாலும் பேரம் பேசிச் சில்லறைக் குற்றமாகத்தான் முடித்துவைக்கிறார்கள், நம் ஊர் மாதிரியே. போலீஸ்காரருக்கும் சிப்பாய்க்கும்கூட இதில் விலக்கு கிடையாது. 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 1994 தடை செல்லும் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கியை அடிப்படை உரிமையாக எழுதி வைத்திருக்கும் நாட்டிலேயே இது முடிகிறது. வெறும் அனுமதியாக வைத்திருக்கும் நமக்கு இன்னும் சுலபமாக இருக்க வேண்டும்.

நமக்கும் 2005ல் ஒரு வாய்ப்பு வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். பம்பாயில் தொடங்கிய லாயர்ஸ் கலெக்டிவும் இந்திரா ஜெய்சிங்கும் வருடக் கணக்கில் உழைத்து வரைவு தயாரித்தது. 2006 அக்டோபர் 26ல் அமலுக்கு வந்தது. போலீஸ், ஜெயில் என்று அலையாமல், மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அடி மட்டுமில்லை, திட்டுவது, பணம் கொடுக்காமல் வதைப்பது எல்லாமே வன்முறை என்று எழுதிய சட்டம். உத்தரவை மீறினால்தான் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதனாலேயே, உத்தரவு வாங்கப்பட்டவன் தண்டனை பெற்றவன் ஆகமாட்டான். ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அவனைப் பார்க்கவே பார்க்காது.

இந்தச் சட்டத்தோடு எனக்கு நேரடி அறிமுகம் ஒரு லாக்கர் வழியாக வந்தது. 18ஆம் பிரிவில், வங்கி லாக்கரையும் கணக்கையும் கணவன் இயக்கக் கூடாது என்று உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. சில வருடங்களுக்கு முன், தாராவியிலிருந்து நம் நெல்லைப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படி ஒரு உத்தரவோடு வந்தார். (ஆளைத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) படித்துப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்கம்மா, இனி அவரு திறக்க முடியாது" என்றேன்.

"நகை பத்திரமா இருக்கும்லா சார்?"

"இருக்கும்மா."

"நகைக்கு எழுதிட்டாவ சார். அந்தக் கத்திக்கு ஒண்ணும் எழுதலியே" என்றார். கணவருக்குத் தோல் வேலை. தோல் வெட்டுகிற கத்தி வீட்டிலேயே இருக்கிறதாம். "அதத்தான் எடுத்து எடுத்துக் காட்டுதாரு."

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடியபோதுதான் கிடைத்தது. 2006ஆம் வருட விதிகளில் 10ஆம் விதி, கடைசியில் ஒரு சின்ன உட்பிரிவு: மாஜிஸ்திரேட் எழுத்து மூலம் சொன்னால், பாதுகாப்பு அதிகாரி போலீஸ் உதவியோடு, வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். ஆயுதம் என்றுதான் இருக்கிறது. ரிவால்வரும் ஆயுதம், கத்தியும் ஆயுதம். தாராவியிலும் செம்பூர் சால்களிலும் துப்பாக்கியைத் தேடினால் கிடைக்காது, தெரியும். அங்கே பெண்கள் பயந்தது கத்திக்கும் மண்ணெண்ணெய்க்கும். சயான் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு அதற்குச் சாட்சி. துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவன் கொஞ்சம் வசதியான மாடிக்காரன், கட்டிட கான்ட்ராக்டர், கட்சிக்காரன், தனியார் செக்யூரிட்டி. அவன் மனைவி பெரும்பாலும் வார்டு வரை வருவதும் இல்லை, கோர்ட் வரை வருவதும் இல்லை. அலமாரியில் இருக்கும் துப்பாக்கியைச் சுட வேண்டிய அவசியம்கூட இல்லையே, இருப்பதே போதும்.

நிற்க. தண்டனை இல்லாமல் எப்படி ஒருவரின் துப்பாக்கியை வாங்குவது, அது அநியாயம் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 17ஆம் பிரிவில் பொது அமைதிக்காக லைசென்ஸை ரத்து செய்ய அதிகாரம் இருந்தாலும், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ரத்து செய்யக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பொய் வழக்குப் போடுகிறவர்களும் ஊரில் உண்டு.

ஆனால் தேர்தல் வந்தால் என்ன செய்கிறோம்? தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறோம். எல்லோரிடமும் கண்மூடித்தனமாக வாங்காதே, கமிட்டி வைத்து ஒவ்வொருவராகப் பரிசீலி என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு கோவா வழக்கில் சொன்ன பிறகு, அப்படித்தான் நடக்கிறது. கமிட்டி முக்கியமாகப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்று தேர்தல் கமிஷன் சொல்கிறது: ஜாமீனில் வெளியே வந்தவர்கள், குற்ற வழக்கு வரலாறு உள்ளவர்கள், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர்கள். கவனியுங்கள், ஜாமீன் போதும், தண்டனை வேண்டாம்! ஓட்டு முடிந்ததும் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும். யாருக்கும் நிரந்தர நஷ்டமில்லை. எங்கள் வங்கிக் காவலர்களுக்கு வழக்கமாக விலக்கு கிடைக்கும், அதற்கும் ஒரு காகிதம் உண்டு. ஓட்டுப் பெட்டிக்காகச் சில வாரம் செய்ய முடிகிற இதே வேலையை, பாதுகாப்பு உத்தரவு அமலில் இருக்கும் வீட்டுக்கு ஏன் செய்யக் கூடாது? தற்காலிகமாக ஒப்படை, உத்தரவு விலகினால் வாங்கிக்கொள். புதுச் சட்டம்கூட வேண்டாம், இருக்கிற விதியைப் பயன்படுத்தினால் போதும்.

வங்கிக்காரனாக இன்னொன்று உறுத்துகிறது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டமும் 2005ல்தான் வந்தது, அமலுக்கு வந்தது 2006 டிசம்பரில். இரண்டு சட்டமும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். அதில் ஒன்று எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். எங்கோ ஒரு ஊரில் பைக் கடன் தவணை ஒன்று தவறியவன் மாதுங்கா கிளைக்கு வந்தால், பேரைத் தட்டியதும் திரையில் வந்துவிடுகிறது. ஆயுத லைசென்ஸுக்கும் இப்போது தேசியத் தரவுத்தளம் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் தனி எண். ஆனால் பாதுகாப்பு உத்தரவுகள் அதில் தானாக வந்து விழ வழியில்லை. இத்தனைக்கும் இரண்டு காகிதமும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. குடும்ப வன்முறைச் சட்டம் 24ஆம் பிரிவுப்படி உத்தரவின் நகல் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கு இலவசமாகப் போக வேண்டும். லைசென்ஸ் கேட்பவன் எப்படிப்பட்டவன் என்று ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் அறிக்கை கேட்பதும் அதே மாதிரி ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடம்தான். ஒரே கட்டிடம், ஒரே நாற்காலி, இரண்டு ஃபைல். 2019 திருத்தத்தில் லைசென்ஸ் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டிவிட்டார்கள். அதாவது அந்த இரண்டாவது ஃபைலைத் திறக்கும் சந்தர்ப்பமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. (லாக்கரில் துப்பாக்கியை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோதான் ஒப்படைக்க வேண்டும்.)

அதனால் யாருக்காவது தேவைப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் மனு போடும்போதே, வீட்டில் என்ன ஆயுதம் இருக்கிறது, லைசென்ஸ் யார் பேரில் என்பதைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். 10ஆம் விதியைக் குறிப்பிட்டு, அதை எடுத்து வைக்க எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று வக்கீல் கேட்க வேண்டும். கேட்காமல் அது வராது. உத்தரவு கைக்கு வந்ததும், ஸ்டேஷனுக்குப் போகும் நகலோடு நிற்காமல், லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்கும் ஒரு நகலைக் கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். மும்பையில் அது கிராஃபோர்டு மார்க்கெட் எதிரே இருக்கும் போலீஸ் கமிஷனர் அலுவலகம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் கலெக்டர்.